வழும்பு

கல் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. செல்லியம்மாள் அதை மடியில் அழுத்திப் பிடித்து, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். காப்பி நிற வழும்பு கரைந்து முழங்கைவரை வழிந்தது.

ராசிபுரம் ரோட்டோரத்து நெய்க் கம்பெனி அது. நெய் காய்ச்சும் கொப்பரையும் டின்னும் கழுவிய தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் தேங்கும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்த பிறகு, வழும்பு பிடித்த இந்தக் கருங்கற்கள் பரப்பிய படுகைமேல் சொட்டுச் சொட்டாக விழும். கல்லுக்குக் கல் இறங்கித் தெளிந்து, அடிவழியாகப் பள்ளத்துக்குப் போய்விடும். பள்ளத்தங்கரையில்தான் செல்லியம்மாள் தெருவின் கிணறு.

"ஏனக்கா, இந்த வழும்புக்கு உசுரு இருக்குதாமே? படுகை கட்டுன எஞ்சினியர் சொன்னாராம். இதுதான் நெய்யத் திங்குதாம்" என்றாள் பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பாப்பாயி.

"அப்ப நம்மளவிடக் குடுத்து வெச்சதுதான். நாம காலி டின்ன மோந்து பாத்தாவே வாட்ச்மேன் வையறான்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சரவணமுத்து வந்து நின்றதும் சிரிப்பு அடங்கியது.

"நாளைக்கு மிலிட்டரி துரை வாராரு. இந்த அசிங்கத்தப் பாத்தா பட்டாளத்துக்கு நம்ம நெய்ய எடுப்பாரா? வெள்ளை வெளேர்னு இருக்கோணும்."

"ஏனுங்க, இது உசுருன்னு எஞ்சினியரு..." என்று இழுத்தாள் பாப்பாயி.

"அழுக்குக்கு ஏதும்மா உசுரு? சுடுதண்ணியில சலவ சோடாவக் கலக்கித் தேயுங்க!"

செல்லியம்மாளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வழவழவென்று கிடப்பதைச் சுத்தம் என்று யார் சொல்வார்கள்? சோடாத் தண்ணீரில் விரல்நுனி வெந்து தோலுரியத் தேய்த்தாள். கடைசியில் எல்லாருமாக மேல்வரிசைக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள். துரை வந்தார். மாலை போட்டுக்கொண்டார், மோர் குடித்தார், வெள்ளைக் கற்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு படுகைக்கடியில் தெளிந்த தண்ணீர் வரவில்லை. கழுநீர்போல் வெளுத்து, புளித்த நாற்றத்தோடு பள்ளத்தில் இறங்கியது. தெருக் கிணற்றில் ஏடு படர்ந்தது. துணியில் வடிகட்டிக் காய்ச்சினாலும் சிக்கு வாடை போகவில்லை. செல்லியம்மாளின் மகள் ராசாத்திக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மேட்டுக் கிணறு தோட்டக்காரர்களுடையது. இந்தத் தெரு ஆட்கள் அதில் குடம் வைக்க முடியாது. இனி நல்ல தண்ணீர் என்றால் கம்பெனிக் கிணறு ஒன்றுதான்.

குடத்தோடு அவள் உள்ளே போனபோது படுகையோரம் எஞ்சினியர் நின்றிருந்தார்.

"யார் இதைச் சுரண்டினது?"

மேனேஜரின் விரல் நேராகச் செல்லியம்மாளைக் காட்டியது. "இவங்கதான் சார். சுத்தம் பண்றோம்னு விவரம் தெரியாமப் பண்ணிட்டாங்க."

"ஏனுங்க, நீங்கதானுங்களே தேய்க்கச் சொன்னீங்க!"

"எதிர்த்துப் பேசறியா? நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே."

"வேல போனாப் போகுதுங்க. ஒரே ஒரு கொடம் நல்ல தண்ணி மட்டும் உடுங்க சாமி. புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சுங்க."

"கெணத்துல தண்ணியே அடியில கெடக்குது. உனக்கு ஊத்துனா உங்க தெருவே வந்து நிக்கும். போ, போ."

எஞ்சினியர் அவள் பக்கம் திரும்பவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தார். "அந்த வழும்பு திரும்பப் பிடிக்கிற வரைக்கும் படுகை காயவே கூடாது, மிஸ்டர். வெறும் கொழுப்புத் தண்ணியும் ஆகாது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து விடணும்."

"எங்க கெணத்துத் தண்ணியே இருக்குதுங்க சார். எவ்வளவு வேணும்னாலும் எறைக்கலாம்."

வாட்ச்மேன் செல்லியம்மாளை வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினான். அவள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கிணற்றில் நீரிறைக்கும் கவலை மாடுகள் சரிவில் இறங்கின. சால் தளும்பத் தளும்ப மேலே வந்து தொட்டியில் கவிழ்ந்தது. பாப்பாயி அவளை நிமிர்ந்து பாராமல் குடத்தில் மொண்டு மொண்டு படுகைமேல் ஊற்றினாள்.

"மெதுவா ஊத்து புள்ள, மெதுவா" என்றார் மேனேஜர். "ஒரு கல்லும் காயக்கூடாது."