பத்து நீளம் பின்னால்

குதிரைப் பந்தய கிளப்பில் எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று நிர்ணயித்துவந்தவருக்கு, வேலை போன அன்று சாயங்காலத்திலிருந்து, வாய் அசைந்து இரண்டு விநாடி கழித்துத்தான் குரல் வந்தது. டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புண் எதுவும் இல்லை, வெந்நீர் குடிக்கட்டும் என்றார்.

அவரை ‘அஞ்சுநீளம்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பந்தயத்தில் கடிகாரம் முதலில் வரும் குதிரைக்கு மட்டுமே நிற்கும். மற்றவை எடுத்துக்கொண்ட நேரத்தை, அவை எத்தனை குதிரை நீளம் பின்தங்கின என்று பார்த்து அவர்தான் கணக்கிடுவார். ஐந்து நீளம் ஒரு விநாடி. தரை சேறாக இருந்தால் நான்கு. அதை வைத்து, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி எடை போடுவார்: வேகமான குதிரை அதிக ஈயக்கட்டி சுமக்க வேண்டும், மெதுவானது குறைவாக. பயிற்சியாளர்கள் யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். மனைவியின் தம்பி மட்டும் விலக்கு. அவனை லாயத்தில் சேர்த்துவிட்டு, பயிற்சியாளனாகும்வரை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அவர்.

அந்த சீசனில் தம்பியின் சாம்பல் நிறக் குதிரை ஓடிய பந்தயத்திலெல்லாம் பத்து நீளம் பின்னால் வந்தது.

“மூச்சு வாங்குது மாமா. வயசாயிடுச்சு, பாவம்” என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவர் நம்பினார். இரண்டு விநாடி மெதுவான குதிரைக்கு உரிய எடையைக் கொடுத்தார். பெரிய பந்தயத்தில் அது மற்றவற்றை நிற்கவைத்துவிட்டுப் பறந்தது. அதுவரை ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தே ஓட்டியிருக்கிறான். மாமனும் மச்சானும் பேசிவைத்துச் செய்த வேலை என்று கிளப்காரர்கள் அவரை வாசலோடு அனுப்பினார்கள். குதிரை ஒளித்துவைத்த இரண்டு விநாடியும் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்று லாயத்தில் பேசிக்கொண்டார்கள். காய்கறிக்காரர் அவர் முன் சற்றுக் காத்திருக்கப் பழகிக்கொண்டார். போனில் பேசியவர்கள், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடி, பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஒன்று கேட்டார். குரல் இன்னும் வரவில்லை. தோள் நிமிர்ந்ததைப் பார்த்ததுமே அவள் பதில் சொல்லிவிட்டாள்.

“சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதுங்க.”

அதன் பிறகுதான் அவர் கேள்வி அறைக்குள் வந்து சேர்ந்தது.

“உன் தம்பி செஞ்சது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

இருவரும் அதைக் கேட்டார்கள். அவள் கையில் அவருடைய சட்டை பாதி மடித்தபடி இருந்தது.

“ஒரே ஒரு பந்தயம்னு கெஞ்சுனான். கூடப் பொறந்தவன்...”

தம்பி செய்ததற்குக் கோபப்பட முடிந்தது. இதை எங்கே வைப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து முன்னறையில் படுத்தார். அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், குறை சொல்லவில்லை. துணிக்கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போய்வந்தார். தலை நரைத்தது.

வருடங்கள் கழித்துத் தம்பி வந்தான். உடம்பு உருகிப்போயிருந்தது. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதான்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. திட்டவாவது செய்யுங்க.”

அவர் வாய் அசைந்தது, வெகுநேரம். இரண்டு விநாடி எப்போதோ தாண்டிப் போயிற்று. டீ ஆறி ஆடை கட்டியது.

“இருடா, வந்துரும்” என்றாள் அக்கா.

இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போனவன், அந்த மாதமே இறந்துபோனான். அவருடைய மற்ற பேச்செல்லாம் வழக்கம்போல இரண்டு விநாடியில் வந்துகொண்டிருந்தது. அன்று தம்பியிடம் வாயசைத்தது மட்டும் வரவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியை இழுத்தால், மனைவி வேறொன்றை எடுத்துப் போடுவாள்.

“அதுல வேணாங்க. என் தம்பிக்கு ஒரு பேச்சு வரவேண்டியிருக்கு.”