ரிமார்க் எழுத முடியாத இதயம்

சனிக்கிழமை மதியம் ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்தது. டாக்டர் இனி திங்கட்கிழமைதான் வருவார் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொல்லிவிட்டாள். உறையைப் பிரிக்காமலே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒட்டிய உறையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் கழிக்கும் பொறுமை அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் இல்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சிலேயே பிரித்துவிட்டார்கள்.

அவர் லிப்ட் மெக்கானிக். பத்து நாளாக இடது மார்பில் சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றதும் மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். எல்லாருக்கும் செக்கிங் அக்கா. இருவருக்கும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அர்த்தம்தான் எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

"ஹார்ட் இஸ்... அன்... ரிமார்க்... கபிள்," என்று விரல் வைத்துப் படித்தார். "அப்படின்னா?"

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். அவள் கம்பெனியில் ரிமார்க் என்றால் குறை. காலர் கோணல், பட்டன் இல்லை என்று சீட்டில் எழுதினால் சட்டை திரும்பப் போய்ச் சரியாகி வரும். சில சட்டைகளுக்கு ரிமார்க்கே எழுத மாட்டாள். எழுதிப் பிரயோஜனம் இருக்காது. நேராகக் கழிவுக் கூடைதான். 'ஏபிள்' என்றால் முடியும், 'அன்' என்றால் முடியாது. அப்படியானால் இவருடைய இதயம் ரிமார்க் எழுதக்கூட முடியாத நிலைமையிலா இருக்கிறது?

"என்னம்மா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. பஸ் வருது, எந்திரிங்க."

சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். பார்சல் ஆபீசில் வேலை. வீட்டில் எந்த இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் அவன்தான் கோர்ட்டு. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"மாமா, பயப்படாதீங்க. ஆனா 'அன்' வந்தாலே கொஞ்சம் இடிக்கும். அன்ஃபிட், அன்சேஃப், அன்லக்கி..."

"நாம சாப்பிடற தட்டு அன்பிரேக்கபிள்தானே? அது நல்லதாச்சே?" என்றார் மெக்கானிக்.

தம்பி தலையைச் சொறிந்தான். "உடையறது கெட்டது. கெட்டதுக்கு முன்னாடி 'அன்' போட்டா நல்லது. நல்லதுக்கு முன்னாடி போட்டா கெட்டது."

"சரி, ரிமார்க்கபிள் நல்லதா கெட்டதா?"

"ரிமார்க் கெட்டது. ரிமார்க்கபிள் நல்லது. அன்ரிமார்க்கபிள்..." விரலை மடக்கிக்கொண்டே வந்தவன் மூன்றாவது விரலில் நின்றுவிட்டான். போனில் அகராதியைத் தேடினான். 'தனிச்சிறப்பு எதுவும் அற்ற' என்று வந்தது.

"என் இதயத்துல சிறப்பு இல்லேன்னு சொல்றதுக்கா அந்த மெஷினுக்குள்ள தள்ளினாங்க?"

"'வாஸ்' போடாம 'இஸ்' போட்டிருக்கான் பாருங்க மாமா. நிகழ்காலம். மாறலாம்."

"கீழே லங்ஸுக்கும் அதையேதான் போட்டிருக்கு," என்றாள் அக்கா.

"அப்ப ரெண்டும் போச்சா?" என்றார் மெக்கானிக். தம்பி அவசர வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முகச்சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளை எதிரே உட்காரச் சொன்னார்.

"ஒரு விஷயம் மறைச்சுட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி சூப்பர்வைசர் வேலையை மேனேஜர் எனக்குத்தான் குடுத்தார். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அவர் சொந்தக்காரனுக்குக் குடுத்துட்டதா சொன்னீங்களே!"

"பொய்தான். அந்த வேலைக்குத் தினமும் இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும். எனக்கு எழுத வராதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த மேனேஜரின் குடும்பம் எதிர் பிளாக்கில்தான் இருந்தது. மேனேஜரின் மனைவி முன்பெல்லாம் கேட்டருகே பார்த்தால் நின்று சிரிப்பாள். மூன்று வருடமாக இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். சாகப்போகிற மனுஷனிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அரிசியை இரண்டு முறை களைந்து, இரண்டு முறையும் தண்ணீரை வடிக்க மறந்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டை அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் அன்ரிமார்க்கபிள். வீட்டுக்குப் போங்க."

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. "எத்தனை நாள் டாக்டர்?"

டாக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்ல என்ன சேதின்னு யாராவது கேட்டா, 'விசேஷமா ஒண்ணுமில்ல'ன்னு சொல்றோமில்ல? அதுதாங்க இது. எங்க ரிப்போர்ட்ல பேர் வாங்காத இதயம்தான் நல்ல இதயம். கனமா எதையாவது இழுத்தீங்களா?"

"லிப்ட் மோட்டர் ஒண்ணு இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது..."

"தசைப்பிடிப்பு. ஒரு வாரம் எதையும் இழுக்காதீங்க."

வெளியே வந்ததும் அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது.

"நேத்து சொன்னதை மறந்துடும்மா," என்றார் அவர். "சாகப்போறேன்னு நெனச்சுச் சொன்னது."

"சாகலைல்ல? அப்புறம் எப்படி மறக்கிறது?"

பஸ்ஸில் அவள் வேறு வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். இரண்டு தரமும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அன்று மாலை அவள் எதிர் பிளாக்கின் இரண்டாவது மாடிக்கு ஏறினாள். படி ஏறும்போது மனப்பாடம் செய்த வார்த்தைகள் மணியை அழுத்தியதும் பறந்துவிட்டன. கதவைத் திறந்த மேனேஜரின் மனைவி ஒரு அடி பின்வாங்கினாள்.

"மூணு வருஷமா உங்ககிட்ட நான் பேசலை," என்றாள் செக்கிங் அக்கா.

"ஆமா. நான் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்து விட்டுட்டேன்."

"நீங்க ஒண்ணும் பண்ணலை. உங்க வீட்டுக்காரரும் ஒண்ணும் பண்ணலை. எங்க வீட்டுக்காரர்தான்... இல்லை, அவரும் வேணும்னு பண்ணலை..."

அவளுக்கே எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் கதவை முழுக்கத் திறந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலை. உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லுங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.