லிஜாவின் மூடிய கை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அருமனையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி லிஜா, பிரசவ வார்டு நர்ஸ், மீன் வாங்க நின்றபோது சொன்னது. திருடியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘சுபிதாவின் வளையல்கள் சிணுங்க மறந்த அன்று...’

(வேண்டாம். ரொம்ப ஜோடனை.)

நேராகவே சொல்கிறேன். எட்டாம் மாதத்தில், வளைகாப்புக்கு இட்ட கண்ணாடி வளையல்கள் சுபிதாவின் கையை இறுக்கின. “கை நல்லா உருண்டு வந்திருக்கு மக்கா” என்று பூரித்தாள் மாமியார் உலகம்மை. பிரசவம்வரை கழற்றக் கூடாதென்று யாரும் கழற்றிப் பார்க்கவுமில்லை. கையில் ஏறியிருந்தது நீர். தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ரத்த அழுத்தம் நூற்று எண்பது.

உலகம்மையை வில்லியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நானாக இருந்தாலும் பூரித்திருப்பேன்.

3

(படித்துத் தெரிந்துகொண்டது: கர்ப்பிணியின் ரத்தம் மாதக்கணக்கில் ஒரு நேரத்துக்காகத் தயாராகிறது. நஞ்சுக்கொடி பிரியும்போது திறக்கும் காயத்தை அடைக்க, வழக்கத்தைவிட வேகமாக உறையப் பழகிக்கொள்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது? இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. ஆனால் அழுத்தம் ஏறினால், சிலருக்கு அந்த ரத்தம் நுண்ணிய நாளங்களுக்குள் முன்கூட்டியே உறைந்து, உறைவதற்கான சரக்கைத் தீர்த்துவிடுகிறது.)

4

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். லேப் முடிவு வரவில்லை. லிஜா சுபிதாவின் ரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடம்புச் சூடு வேண்டுமென்று உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்தாள். ஏழு நிமிடத்துக்குள் உறைய வேண்டும். உறையாவிட்டால், கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது.

“என்னத்த பிடிச்சிட்டு நிக்கிய?” கணவன் மகேஷ்குமார் கேட்டான்.

“ஒங்க வீட்டுக்காரிக்க ரத்தம். பேசாண்டாம், எனக்க கை அசையும்.”

அவனும் தன் வெறுங்கையை மூடிக்கொண்டான்.

5

முடிவு ஒன்று: குழாயைக் கவிழ்த்தாள். ஒரு துளிகூடச் சிந்த...

முடிவு இரண்டு: (எழுதினேன். கிழித்துவிட்டேன். சுபிதாவுக்கு இருபத்து நான்கு வயது.)

எதை வைப்பதென்று லிஜாவிடமே போய்க் கேட்டேன்.

“அண்ணே, அந்த ஏழு நிமிசமும் மாதாவ விளிச்சிட்டே நின்னேன். கைய தொறக்கத்தான் பயம். முடிவ நீங்க எழுதாண்டாம். படிக்கவங்களும் கொஞ்சம் பிடிச்சிட்டு நிக்கட்டும்.”

6

ஆறு நிமிடம் ஆகிவிட்டது. வலது கையை மூடுங்கள், வாசகரே. உள்ளே சூடு தெரிகிறதல்லவா, அது போதும். தியேட்டர் கதவருகே டாக்டர் காத்திருக்கிறார். இனிக் குழாயைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். மகேஷ்குமார் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.