நெய்ப் பொங்கலும் ஒரு மயக்க ஊசியும்

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பச்சத்தண்ணிகூடக் குடிக்கல" என்றார் பூவம்மா. வாயோரத்தில் நெய் பளபளத்தது.

நான் இன்ஷா, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். பூவம்மாவின் இரைப்பையில், விட்டுவைத்தால் புற்றாகிவிடக்கூடிய ஒரு கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகக் குழாய் விட்டு அதை அறுத்தெடுக்க டாக்டர் முத்தையா தயாராக இருந்தார்.

"அப்ப வாயில என்னம்மா நெய்?"

"அதுவா? வர்ற வழியில சிராங்கூன் ரோட்டுக் கோயில்ல பொங்கல் குடுத்தாங்க. பிரசாதத்தப் போயி வேணாம்பாங்களா?"

மகன் திலீப் முந்திக்கொண்டார். "அது சாப்பாட்டுக் கணக்கு இல்ல லா, டாக்டர். பிரசாதம். உங்களுக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. "நோன்புல ஒரு பேரீச்சம்பழம் தின்னாலும் நோன்பு போச்சுதான், திலீப். மயக்கத்துல அந்தப் பொங்கல் மேல ஏறி நுரையீரலுக்குள்ள போனா அம்மா பொழைக்கிறதே கஷ்டம். புரியுதா?"

பூவம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தையா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "ஒரு கரண்டி பொங்கலுக்காக இன்னைக்கு ஆபரேஷன் லிஸ்ட் பூரா கெடணுமா? முப்பது வருஷமா இதைத்தான் செய்யறேன். ஊசியப் போடு."

"போட மாட்டேன், சார்."

"வேற ஆள வச்சுப் பண்ணிக்கிறேன்."

"தாராளமா. அவங்ககிட்டயும் பொங்கல் விஷயத்தச் சொல்லிடுவேன்."

அவர் முகம் சிவந்தது. நான் அறை வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில், பொங்கல் செரிக்கட்டும் என்று மாலைக்குத் தள்ளிவைத்தார். கையோடு என் பெயரையும் அடித்துவிட்டு வேறொரு டாக்டரைப் போட்டார். அதிகப்பிரசங்கியாம் நான்.

மாலையில் தேநீரும் ஆத்திரமுமாக உட்கார்ந்திருந்தபோது தாதி மரியம்மாள் ஓடிவந்தார். "டாக்டர், கொஞ்சம் வாங்களேன். அந்தம்மா படுக்கவே மாட்டேங்குது."

போய் வாசலில் நின்றேன். பூவம்மா கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திலீப் கெஞ்சிக்கொண்டிருந்தார். புது டாக்டர் கையில் ஊசியோடு விழித்தார். முத்தையா கையுறையோடு தலைமாட்டில் நின்றார்.

"காலையில எனக்கு ஊசி போடாம நிறுத்துன பொண்ணு எங்க?" பூவம்மாவின் குரல் அறைக்கு வெளியிலும் கேட்டது. "அது வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் வாயத் தொறப்பேன். இல்லன்னா ஆள விடுங்க, நான் புக்கிட் மேரா வீட்டுக்குப் பஸ் ஏறுறேன்."

முத்தையா என் முகத்தைப் பார்க்காமலே விலகி வழிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று தலைமாட்டுக்கு நடந்தேன்.