தமிழ்செல்வி பேசாத வாரம்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சௌந்தரராஜன் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. தெருமுனையில் நின்றாலே போதும். "புளிக்கொழம்பா, ரசமா?" என்று அடுப்படியிலிருந்து பார்வதி கேட்பாள். முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் சௌந்தரராஜன் "சரி சரி" என்பார். "எதுக்குச் சரி? கொழம்பா ரசமான்னு கேட்டேன்" என்று அவள் அடுத்த கட்டைக்கு ஏறுவாள். அதற்கும் அவர் "சரி" என்றால், மகள் தமிழ்செல்வி பாத்ரூமுக்குள் இருந்தபடியே, "அப்பா, கொழம்பா ரசமா?" என்று ஒரு போடு போடுவாள். பக்கத்து வீட்டு மாரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ரசமே வையிக்கா, அண்ணனுக்கு நேத்துலருந்து சளி" என்று தீர்ப்புச் சொல்வாள்.

இதைக் கத்துவது என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை. பேசுவது என்றுதான் நினைத்தார்கள்.

சௌந்தரராஜன் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் மெசின் இடி விழுந்த மாதிரி ஒரு அடி அடிக்கும். ஷிப்டு முழுக்க அந்த அடிதான். வெளிநாட்டுக்காரன் பார்வையிட வரும் நாளில் மட்டும் காதில் செருகிக்கொள்ள மஞ்சள் தக்கை கொடுத்து, அவன் கார் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் கம்பெனி அது. நாசமாய்ப் போன கம்பெனி என்பாள் தமிழ்செல்வி. அவர் காது எந்த வருஷம் போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது. இப்ப உள்ள ஆளுங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பார்.

தமிழ்செல்வி அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.காம். முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு செல்போன் கம்பெனியின் கஸ்டமர் கேரில் சேர்ந்திருந்தாள். ஓசூரிலிருந்து வேன் ஏற்றிப்போகும், கொண்டுவந்து விடும். தமிழ் வீட்டில் வந்தது. கன்னடமும் தெலுங்கும் தெருக்குழாய்ச் சண்டையில் வந்தது. சண்டையில் கற்ற பாஷைகளில்தான் இப்போது, "உங்களுக்கு நான் என்ன உதவி செய்யலாம்?" என்று தேன் ஒழுகப் பேசினாள். கேட்காமலே காலர் டியூன் வைத்துக் காசைப் பிடித்துவிட்டீர்கள் என்று மூன்று பாஷையிலும் திட்டு வாங்கினாள். மூக்கு மேல் கோபம் இருக்கிற பெண். அங்கே விழுங்கியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் கொட்ட முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அப்பா தலையில் கொட்டியது. காய்கறி வாங்கப் போனவர், பின்னால் வந்த லாரி அடித்த ஹாரனுக்குத் திரும்பக்கூட இல்லை. எதிரே வந்த மாரம்மா சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்திருக்காவிட்டால் அவ்வளவுதான். விஷயம் கேள்விப்பட்ட தமிழ்செல்வி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"காது போயிருச்சுன்னு ஒத்துக்கிட்டா என்னப்பா கொறஞ்சு போயிருவ? டாக்டர்கிட்ட வான்னு எத்தன தடவ சொல்றது? நீ செவிடுதான். செவிடு, செவிடு."

அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. தெருவுக்கும் கேட்டது. சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வேலையில் முதல் அழைப்பை எடுத்தபோது தமிழ்செல்வியின் குரல் ஓட்டைத் தகரத்தை இழுத்த மாதிரி வந்தது. எதிர்முனையில் இருந்தவர், "சார், போன தடவ ஒரு பொண்ணு பேசுச்சே, அதைக் குடுங்க" என்றார். மத்தியானத்துக்குள் அந்தத் தகரமும் போய், வெறும் காற்று வந்தது. டீம் லீடர் ஜெகதீஷ் அவள் ஹெட்செட்டைக் கழற்றச் சொன்னான்.

"லீவு எடுத்துக்கம்மா. வர்ற திங்கக்கிழம உன்னோட கன்ஃபர்மேஷன், வேலைய நிரந்தரம் பண்றது. நீ பேசுறத நான் லைன்ல கேட்டுட்டே இருப்பேன். குரல் இப்டியே இருந்தா என் கையில ஒண்ணுமில்ல. இங்க குரல்தான் சரக்கு."

ஓசூரில் காது மூக்கு தொண்டை பார்க்கும் அந்தப் பெண் டாக்டர், நாக்கைப் பிடித்து இழுத்து, உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஓரத்துல காய்ப்பு வேற ஆரம்பிச்சிருக்கு. மண்வெட்டி புடிக்கிறவங்க கையில காய்ச்சிருக்கும் பாருங்க, அந்த மாதிரி. ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்த பேசக் கூடாது. இப்படியே பேசிட்டிருந்தீங்கன்னா கடைசியில ஆபரேஷன்ல வந்து நிக்கும்."

"குசுகுசுன்னு பேசலாமா?" என்று தமிழ்செல்வி காற்றாகக் கேட்டாள்.

"அது அதைவிடக் கெடுதல். நாணை இறுக்கிப் புடிச்சுக் காத்தத் தள்றீங்க. செருமவும் கூடாது, அது ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிற மாதிரி. செருமல் வந்தா ஒரு மடக்குத் தண்ணி குடிங்க. ஆவி புடிங்க, டீயக் கொறைங்க. அது சரி, இப்படி எங்க கத்துறீங்க?"

தமிழ்செல்வி எங்கேயும் இல்லை என்று தலையாட்டினாள். கூட வந்திருந்த பார்வதி உதவிக்கு வந்தாள்.

"இவ கத்தவே மாட்டா டாக்டர். ஆபீஸ்லயும் மெதுவாப் பேசுற வேலதான்."

அதை அவள் சொன்ன சத்தத்தில், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாம் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். யார் மடியிலோ தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்ல யாருக்காவது காது கேக்காதா?"

"சேச்சே. எங்க வீட்ல அப்படியெல்லாம் யாரும் இல்ல" என்றாள் பார்வதி, அதே உச்சத்தில்.

நாலு சுவருக்குள், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் ஆளிடம் அம்மா இப்படிப் பேசுவதைத் தமிழ்செல்வி அன்றுதான் வெளியாளைப் போலக் கேட்டாள். தானும் இதே மாதிரிதான் என்பது அதற்கு அடுத்த நொடியில் உறைத்தது. பகலெல்லாம் பஞ்சு மாதிரி பேசிக் காப்பாற்றியதை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கிழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரைப் பார்த்து, அப்பாவுக்குத்தான் என்று காதைத் தொட்டுக் காட்டினாள். பார்வதி அவள் தொடையில் கிள்ளினாள்.

"அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து பார்வதி கணவனுக்குச் செய்தி சொன்னாள். "செல்விக்குத் தொண்டையில புண்ணு. ஒரு வாரம் பேசக் கூடாதாம்." செய்திச் சேனல் பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரராஜன் "சரி சரி" என்றார். குழம்பு விஷயத்தில் அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மகள் தெரு கேட்கத் திட்டினாள். தான் ரோஷப்பட்டுச் சாப்பிடாமல் போனோம். மறுநாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. அந்த வீட்டில் எந்தச் சண்டையும் அடுத்த வேளைச் சோற்றைத் தாண்டியதில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி கேன்டீன் மசால் வடையைத் தான் தின்னாமல் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். காரமும் எண்ணெயும் ஆகாது என்று அவள் கையை ஆட்டி மறுத்தாள். புதன்கிழமை அவளுடைய சுடிதாரையெல்லாம் எடுத்து, கேட்காமலே இஸ்திரி போட்டு மடித்து வைத்தார். அதில் ஒன்றின் காலரைப் பொசுக்கியும் வைத்தார். வியாழக்கிழமை, பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி தாள் சுற்றிய ஒரு ரோஜாக் கட்டோடு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் தமிழ்செல்வி போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைக்கூடக் காட்ட மாட்டேன் என்கிறாளே என்று அவர் பூவை டிவி மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து எனக்கு ஒத்த ரோஜா வாங்கித் தரத் துப்பில்ல. மகளுக்குக் கட்டுக் கட்டா வருது" என்று பார்வதி பாத்திரங்களிடம் சொன்னாள்.

போர்வைக்குள் தமிழ்செல்விக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு முடியாத பிள்ளைக்கு அப்பா ஆசையாகச் செய்கிறார் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷிப்டுக்குக் கிளம்பியவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து அவள் எதிரில் நின்றார்.

"ஏத்தா. அன்னைக்கு நீ சொன்னது சரிதான். எனக்குக் கேக்கல. லாரி வந்தது கேக்கல. உங்கம்மா கேக்குறது பாதி நேரம் வெளங்கல. எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சு வைக்கிறேன். கம்பெனியில தெரிஞ்சா பிரஸ்ஸுலருந்து எடுத்து கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சுருவானுங்கன்னு பயந்துக்கிட்டு சொல்லல. நான் டாக்டர்கிட்ட வர்றேன். எத்தன டாக்டர்கிட்ட வேணாலும் வர்றேன். பேசிரு தாயி. வீடு வீடாவே இல்ல."

அவருக்கு விஷயமே தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. 'அப்பா' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. கையிலிருந்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

இப்போது சும்மா தலையாட்டினால் போதும். அவர் டாக்டரிடம் வந்துவிடுவார். பல மாதம் கத்திக் கிடைக்காதது, பேசாமல் இருந்து கிடைத்துவிடும். உண்மையைச் சொன்னால் மனுஷன் அந்த நிமிஷமே நழுவிவிடுவார், அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் நாலு நாளாக வடையும் பூவுமாகத் தன் கோபத்துக்குப் பரிகாரம் தேடி அலைந்த மனுஷனிடம் அந்தத் தலையாட்டலை அவளால் செய்ய முடியவில்லை. ஊரையெல்லாம் பொய்யர்கள் என்று திட்டுகிற வாய் அவளுடையது.

அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். குரலும் விடாமல், காற்றும் விடாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்: கோவம் இல்லப்பா. தொண்டையில புண்ணு. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாங்க.

புரிந்திருக்காது என்று பேப்பரும் பேனாவும் எடுக்கத் திரும்பினாள்.

"தொண்டையில புண்ணா? அப்பக் கோவம் இல்லையா?" என்றார் சௌந்தரராஜன்.

அவள் திரும்பி வந்தாள். எப்படித் தெரிஞ்சுது என்று உதட்டால் கேட்டாள்.

"இதுல என்ன தெரியுறதுக்கு இருக்கு? பிரஸ்ஸு ஓடையில யாரு பேசுறது யாருக்குக் கேக்கும்? அங்க எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசிக்கிறது. கூட வேல பாக்குற தீர்த்தகிரி அந்தக் கோடியில நின்னுக்கிட்டு மாமியாரத் திட்டுவான், ஒரு சொல்லு தப்பாது."

அப்ப வீட்ல? என்றது அவள் உதடு.

"வீட்ல எங்கத்தா மூஞ்சியக் காட்டுறீங்க? அவ அடுப்படியிலருந்து கத்துறா, நீ பாத்ரூமுலருந்து கத்துற. கத்துறது கேக்கும். என்னன்னு வெளங்காது. எதுக்கோ வையுறீங்கன்னு மட்டும் தெரியும். அதான் சரிங்கிறது."

இத்தனை வருஷமும் 'சாப்ட்டியாப்பா' என்று அவள் கேட்டதெல்லாம் இந்த மனுஷன் காதில் வசவாகத்தான் விழுந்திருக்கிறது. தமிழ்செல்விக்கு அழுகை வந்தது. விம்மினால் தொண்டை கிழியும் என்பதால் வாயைத் திறக்காமல் கண்ணால் மட்டும் அழுதாள். அவர் பதறிப்போய்த் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அவள் துடைத்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"கோவம் இல்லேன்னா... டாக்டரெல்லாம் எதுக்கு?"

அவர் முழங்கையில் நன்றாக ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டு, அவள் ஒரே ஒரு சொல்லை உதட்டில் வைத்தாள்: லாரி.

அவர் முழங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு, "நாளைக்கே போவோம்" என்றார்.

போனார்கள். போன காது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். காது மெசினுக்கு அளவு எடுத்தார்கள். வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் காதுத் தக்கை ஒரு ஜோடி வாங்கி அவர் சட்டைப் பையில் செருகினாள் தமிழ்செல்வி. கம்பெனிக்காரன் பிடுங்கினால் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று உதட்டாலேயே மிரட்டினாள். அவளுடைய தொண்டையில் வீக்கம் வடிந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து பேசலாம், ஆனால் குரலை உயர்த்தினால் மறுபடியும் கிழியும் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை ஹெட்செட்டை மாட்டியபோது மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். ஜெகதீஷ் அதே லைனில் இன்னொரு ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தான். காலர் டியூன் புகாரோடு வந்தது ராயக்கோட்டைப் பக்கத்து ஆள். பின்னால் தக்காளி மண்டியின் ஏலக் கூச்சல்.

"ஹலோ, கேக்கலம்மா. சத்தமாப் பேசு" என்றார் அவர்.

ஜெகதீஷ் கட்டை விரலை மேலே தூக்கிக் காட்டினான். ஏற்று என்று அர்த்தம். அவளுடைய குரல் புதிதாக ஆறிய புண்ணின் தோல் மாதிரி மெல்லிசாக இருந்தது. ஏற்றினால் இன்றைக்கே கிழியும். ஏற்றாவிட்டால் வேலை போகலாம். இங்கே காட்டுவதற்கு முகமும் இல்லை.

அவள் ஏற்றவில்லை. இன்னும் கொஞ்சம் தணித்து, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிறுத்தினாள்.

"அய்யா. காலர் டியூன். எடுத்தாச்சு. காசு. திரும்பி. வந்துரும்."

ஏலக் கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெகதீஷின் விரல் இன்னும் இறங்கவில்லை.

"ஆங், இப்பக் கேக்குது" என்றார் மண்டிக்காரர். "இதுக்கு முன்ன பேசுனவங்கள்லாம் காதுல வந்து கத்துனாங்களே தவிர, என்னன்னு ஒருத்தரும் சொல்லல. நீ நல்லா இரும்மா."

ஜெகதீஷ் ஹெட்செட்டைக் கழற்றினான். "குரல் மெல்லிசாத்தான் இருக்கு. ஆனா காலர் டியூன் கேஸ்ல திட்டாம வச்ச மொத ஆளு இவருதான். போ, கன்ஃபர்ம் போடுறேன். தொண்டையப் பாத்துக்க."

சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும் அவள் வாசலில் நின்றே சொல்லிவிட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அப்பா டிவி முன்னால் இருந்தார். அவருக்கும் டிவிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"மறைக்காத, நியூஸ் ஓடுது."

"அப்பா, என்னை வேலையில நிரந்தரம் பண்ணிட்டாங்க" என்றாள், சாதாரணமாகப் பேசுகிற குரலில்.

சௌந்தரராஜன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லு."

"வெளங்கலையா?"

"வெளங்குச்சு. நீ சொல்லு."