திருச்சியா, விழுப்புரமா

மனைவி ரோஜாவின் வருஷப் பூசை முடிந்த மறுவாரமே அத்தை அன்புச்செல்வனுக்குப் போன் செய்தாள். இளையவள் இசைவாணிக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறதாம். ஒன்று விழுப்புரம், ரயிலில் போய் வரலாம். இன்னொன்று திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரி. பங்குச் சாமியார் சொல்லி ஆஸ்டலும் கிடைத்திருந்தது. இரண்டிலும் வேதியியல்தான். இந்த வாரத்துக்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்.

"நீங்க சொன்னா கேப்பா மாப்ள. விழுப்புரமே போதும்னு சொல்லுங்க," என்றாள். பிறகு, "பாப்பாவும் அவக்கிட்டதான ஒட்டிக்கினு கீது," என்று சேர்த்துக்கொண்டாள்.

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அக்கா போன வீட்டுக்குத் தங்கை வாழ வருவது ஊரில் புதிதல்ல. ரோஜா காய்ச்சலில் போனபோது குழந்தைக்குப் பல் முளைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து அது ஒலக்கூரில் அத்தை வீட்டில்தான் வளர்கிறது. அத்தை அம்மணி களையெடுக்கப் போய்விடுவாள். மாமனார் பிரான்சிஸ் செங்கல் சூளைக்குப் போய்விடுவார். பிளஸ் டூ படித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் வாணி. பூசைக்கு வந்த சொந்தங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போதே, படிப்பு முடியட்டும், மூன்று வருஷம்தானே என்று பேசிக்கொண்டது அன்புச்செல்வன் காதிலும் விழுந்தது. ஒரு வருஷமாக அவன் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. திண்டிவனத்தில் பைக் ஷோரூம் வேலை, கடைச் சாப்பாடு, தூக்கம். ஞாயிறு வந்தால் ஒலக்கூர். அவனைக் கண்டால் குழந்தை வாணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

லீவு போட்டுவிட்டு ஒலக்கூருக்கு வந்தான். கல்லூரியை நேரில் காட்டுகிறேன் என்று வாணியை அழைத்துக்கொண்டு விழுப்புரம் ரயிலில் ஏறினான். குழந்தையும் கூட. அது அவளை விட்டால்தானே.

அவனும் ரோஜாவும் கல்லூரிக்கு மூன்று வருஷம் போய்வந்த ரயில் அது. அவள் ஒலக்கூரில் ஏறுவாள், அவன் திண்டிவனத்தில். அவள் போன பிறகு அவன் அதில் கால் வைக்கவில்லை. வண்டி திண்டிவனத்தைத் தாண்டியதும் அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

விழுப்புரத்தில் படிப்பதன் நன்மைகளைச் சொல்ல ஆரம்பித்தான். மயிலத்தில் ஏறும் பெண்கள் கொய்யாப்பழம் கொண்டுவருவார்கள், உப்பும் மிளகாய்த்தூளும் தனிப் பொட்டலத்தில். பேரணி ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டால் பாட்டு தொடங்கிவிடும். ரோஜாவுக்குப் பாட வராது. ஆனால் தாளம் அவளுடையது, டிபன் பாக்ஸ் மூடியால் ஜன்னல் கம்பியில். பரீட்சை வந்துவிட்டால் பெட்டியே வகுப்பாகிவிடும். ஒருத்தி சத்தமாகப் படிப்பாள், சுற்றி நிற்கிறவர்கள் கேட்பார்கள். விக்கிரவாண்டி வந்ததும் ரோஜா சீப்பை எடுப்பாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவன் சொன்னால், பார்க்கத்தானே சீவுகிறேன் என்பாள். மழை நாளில் வண்டி தாமதமானால் பெட்டி முழுக்கக் கோபம். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் கோபம் வராது.

வாணி கேட்டுக்கொண்டே வந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. தான் அளவுக்கு மீறிப் பேசுகிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. நிறுத்த மனம் வரவில்லை. இவள் இந்த வண்டியில் போய்வந்தால் ஞாயிறுதோறும் கேட்கலாம், மயிலத்தில் யார் ஏறினார்கள், பேரணியில் என்ன பாட்டு என்று. அவ்வளவு கிடைத்தாலே போதும் என்றிருந்தது.

முண்டியம்பாக்கம் தாண்டியதும் வாணி சொன்னாள்.

"மாமா, நீங்க சொன்னதுல காலேஜே வரலியே. எல்லாம் அக்காதான்."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இதுல ஏறினா கொய்யாப்பழம் கெடைக்கும். அக்கா இருக்காது." குழந்தையின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். "அம்மா உங்கள இன்னா சொல்லச் சொல்லிச்சின்னு எனக்குத் தெரியும். மூணு வருஷம் இந்த ரயிலு. அப்பறம் உங்க வூடு. அதையும் சேத்து நல்லது கெட்டது சொல்லுங்க மாமா. வூட்ல நீங்க ஒருத்தர்தான படிச்சவரு."

கிண்டலா கெஞ்சலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கல்லூரி நன்றாகத்தான் இருந்தது. வாசலில் வாணி குழந்தையை அவன் கையில் திணித்தாள். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறியது. அவள் திரும்பாமல் நடந்தாள். அந்த நடை, அந்தப் பின்னல், பையை மாட்டிய தோள் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருப்பது, எல்லாம் அவள் அக்கா. கூப்பிட்டால் திரும்புவாள். கூப்பிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் தொண்டை வரை வந்த பெயர் வாணி இல்லை.

அவனுக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷத்தில் முதல் முறையாக மனதில் ஏதோ ஓர் உணர்ச்சி இருந்தது.

அவள் வந்ததும் எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்து கெட்டதைச் சொன்னான். விடியுமுன் தண்ணீர் பிடித்து, சோறாக்கி வைத்துவிட்டு, ரயிலுக்கு ஓடி வருவாள் ரோஜா. சாயந்திர வண்டிக்காகக் கடைசி வகுப்பில் பாதியில் எழுந்து போவாள். அந்த மூன்று வருஷத்தில் நூலகத்தில் ஒரு நாளும் நிதானமாக உட்கார்ந்ததில்லை. வீட்டுக்குப் போனால் பாத்திரம். புத்தகத்தைத் திறந்தால் தூக்கம். எம்.எஸ்ஸி. படிக்க ஆசைப்பட்டாள், மார்க் போதவில்லை. ஆஸ்டலில் அவரவர் படிக்கிறவரை விளக்கு எரியுமாமே, நிஜமா என்று ஒரு தடவை அவனிடம் கேட்டாள். அப்போது குழந்தை வயிற்றில் இருந்தது.

வாணி டீயைக் குடிக்கவில்லை.

"திருச்சில கெட்டது இல்லியா மாமா?"

"இருக்கு. சோறு வாயில வைக்க வெளங்காது. வூட்டு நெனப்புல அழுவ." டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "பாப்பா உன்ன மறந்துடும். லீவுல வந்து கையை நீட்டுவ. இப்ப என்னப் பாத்து அழுவுதே, அதுமாதிரி உன்னப் பாத்து அழும்."

அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அப்பறம் யாருகிட்ட இருக்கும்?"

"எங்கிட்ட."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "உங்களுக்குப் பாப்பா ஜட்டி மாத்தத் தெரியுமா மொதல்ல?"

தெரியாது என்றான்.

"அப்ப நான் திருச்சிக்கே போறேன் மாமா," என்றாள். "கெளம்புறதுக்குள்ள சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

அன்று மாலை அத்தை கைமண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னான். வாணி திருச்சிக்குப் போகட்டும் என்றான். குழந்தையைத் தான் அழைத்துப் போவதாகவும், பகலில் ஷோரூமுக்குப் பின்னால் குடியிருக்கும் வீரம்மாள் பார்த்துக்கொள்வாள் என்றும் சொன்னான்.

"அந்தப் பேச்சும் இனிமே வேணாம் அத்தை. அவ படிக்கட்டும்."

அத்தை கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அவனுக்கென்று ஒரு துணை வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். மாமனார் சுவரில் மாட்டியிருந்த ரோஜாவின் படத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை சொல்வதே சரி என்றார்.

வாணி கிளம்பும் நாளில் பிரான்சிஸ் அவளோடு திருச்சிக்குப் போனார். அவன் குழந்தையோடு திண்டிவனம் பஸ் ஏறினான். நல்ல கூட்டம். நிற்கத்தான் இடம் கிடைத்தது. குழந்தை ஒலக்கூர் கூட்டுரோட்டில் ஆரம்பித்த அழுகையை நிறுத்தவேயில்லை. கன்னத்தில் அறைந்தது, சட்டைப் பொத்தானைப் பிய்த்தது. இருக்கையில் நிலக்கடலை மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி பொறுக்க முடியாமல் திரும்பினாள்.

"இன்னாப்பா, கொழந்த இந்தக் கத்து கத்துது. அவங்கம்மாகிட்ட குடேன்."

அவன் பெண்கள் நின்றிருந்த முன்பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அம்மா இல்லீங்க," என்றான். "நான்தான்."

வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான், அம்மா இல்லை என்ற சொல்லை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று உறைத்தது. அவள் மூட்டையைத் தள்ளி, ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து, இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். குழந்தை இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தது.