ஓர் ஆள் இடம்

சின்னசாமியை விட்டுவிட்டு அன்றும் கேஜ் இறங்கிப் போனது. இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டி அது. ஆட்களை அடைத்துக்கொண்டு பூமிக்குள் போகும். கீழே அடுக்கடுக்காக, லெவலுக்கு லெவல், தெருத்தெருவாகத் தங்கச் சுரங்கம் ஓடுகிறது. அந்தத் தெருக்களுக்குப் போக வேண்டுமானால் பெட்டியில் ஏறியாக வேண்டும். இவனோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏற முடியாமல், கேஜ் இறங்கும் சாப்ட்டுக் குழியின் வாயில் நின்றுகொண்டிருந்தான். யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போட்டால்தான் போவான். அதற்குள் ஷிப்ட்டு சங்கு ஊதியிருக்கும்.

பயமா என்றால் பயமில்லை. கிணறு வெட்டின உடம்பு அது. கோளாறு கால்களில்தான். குடியாத்தம் பக்கம் அவன் ஊரில், வரப்பில் மேலத்தெருக்காரர் எதிரே வந்தால் சேரி ஆள் வயலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். சிறுவயதிலிருந்து பழகின கால்கள். தலையைக் கேட்காமலே விலகிவிடும். இங்கே யார் எந்தத் தெரு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லார் மேலும் ஒரே சேறு, எல்லார் தொப்பியிலும் களிமண்ணால் ஒட்டிய ஒரே மெழுகுவத்தி. தெரியாததால் பாவி மனிதன் எல்லாருக்குமே வழிவிட்டான். தெலுங்கு பேசினவனுக்கு விட்டான், கன்னடம் பேசினவனுக்கு விட்டான், தன்னைப் போலவே விலகிப் பழகின இன்னொருவனுக்கும் விட்டான். கேஜ் யாருக்காகக் காத்திருக்கும்?

“இன்னாய்யா, கல்யாண வூட்டு வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள அனுப்பற மாதிரி நிக்கிற?” என்று ஏனோக் என்கிற மேஸ்திரி கத்தினார். “நாளைக்கு சங்கு ஊதறப்ப நீ லெவல்ல இல்லன்னா ஏட்டுல உன் பேரை அடிச்சிடுவேன். உன் வேலைக்கு வெளிய ஆள் நிக்குது, பாத்துக்க.”

பேரை அடித்தால் ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் அவன் பண்ணையாளாக உழைத்த பண்ணை இருக்கிறது. அந்தப் பண்ணையில் சொல்லாமல் கொள்ளாமல் பெண்டாட்டி மங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தவன் அவன். திரும்பிப் போனால் களத்துப் புளியமரத்தில் கட்டிவைத்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குடிசைக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

“இடிச்சிக்கினு ஏறுய்யா,” என்றாள் மங்கம்மா, ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய கருவாட்டைச் சுட்டுக்கொண்டே. “அந்தப் பொட்டிக்குள்ள மேலத்தெரு, கீழத்தெருன்னு கோடு கிழிச்சா வெச்சிருக்காங்க?”

மறுநாள் சின்னசாமி கண்ணை மூடிக்கொண்டு இடித்தான். யார் தோளோ, யார் முழங்கையோ, இடித்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தான். மணி அடித்தது. கேஜ் இறங்கின வேகத்தில் வயிறு தொண்டைக்கு வந்தது. இருட்டில் பக்கத்திலிருந்தவன் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இவனும் பிடித்துக்கொண்டான். இந்த ஊருக்கு வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

லெவலில் நின்றதும் மெழுகுவத்திகளை ஏற்றினார்கள், வெளிச்சம் விழுந்தது. கையைப் பிடித்திருந்தவன் தசரதன். அதே பண்ணையின் பண்ணையாருடைய இளைய மகன். பாகத் தகராறில் அண்ணனோடு முறைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டதாக ஊரில் பேச்சு.

சின்னசாமியின் கால்கள் உடனே பின்வாங்கப் பார்த்தன. பின்னால் இடமில்லை, ஆட்கள்தான் இருந்தார்கள். தசரதன் நெருப்பைத் தொட்டதுபோல் கையை உதறினான்.

“ஊர்ல சொல்லிடாதடா,” என்றான் மெல்ல.

“நான் எந்த ஊருக்குப் போயி சொல்லப்போறேன், சாமி?”

அந்தச் ‘சாமி’ தானாக வந்து விழுந்துவிட்டது. அன்று முழுக்கத் தண்டவாளத்தில் கல்வண்டி தள்ளிக்கொண்டே சின்னசாமி தன் வாயைத் தானே திட்டினான். அந்த எரிச்சலில் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் போய், வழி தப்பி, அதற்கும் வசவு வாங்கினான்.

அடுத்த நாள் கஞ்சி வேகத் தாமதமானது. ஓட்டமும் நடையுமாக வந்தும் கடைசிக் கேஜுக்குத்தான் வந்து சேர்ந்தான். ஒருவரையும் பார்க்காமல் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தான். திரும்பினால், சாப்ட்டு வாயில் தசரதன். சின்னசாமி முதலில் போய்விடட்டும், பிறகு ஏறலாம் என்று ஒவ்வொரு கேஜாக விட்டுக்கொண்டு நின்றவன். யாரென்று தெரியாதவர்களோடு இத்தனை நாள் உரசிக்கொண்டு போனவன்தான். தெரிந்தவன் தோளோடு உரச அவனால் ஆகவில்லை.

“ஏறுய்யா! இதான் கடைசி! சும்மா விடமாட்டேன்!” என்று மேஸ்திரி கத்தினார்.

சின்னசாமி ஒடுங்கி, தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் செய்தான்.

“வாங்க. இடம் இருக்குது,” என்றான். சாமி என்று சொல்லவில்லை.

தசரதன் அந்த இடத்தைப் பார்த்தான். அவன் கால்கள் ஓரடி பின்னால் போயின. மணி அடித்தது. அன்று ஏட்டில் மேஸ்திரி அடித்த பேர் தசரதனுடையது.

சின்னசாமிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவன் அவனுக்கு வழிவிட்டு நின்றிருக்கிறான். ஆனால் கேஜ் இறங்கத் தொடங்கி வயிறு தொண்டைக்கு வந்ததும், கை தானாகப் பக்கத்தில் துழாவியது. அங்கே யாரும் இல்லை.